இம்மி எந்தப் பக்கம்?

“இம்மியும் பிசகாமல்” என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். இம்மி என்றால் எவ்வளவு என்று யாராவது திருப்பிக் கேட்டால் சற்றுத் திகைத்துத்தான் போவோம். ஏதோ மிகச் சின்னது, கண்ணுக்கு அகப்படாதது, மனிதர்கள் பொருட்படுத்த வேண்டாதது என்று கையை விரித்துக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். நம் முன்னோர்கள் அதை அப்படி விட்டுவிடவில்லை. எண்சுவடிக் கணக்கில் இம்மிக்கும் ஓர் அளவு இருந்தது. ஒன்றை 10,75,200 கூறு போட்டால் அதில் ஒரு கூறு இம்மி.

அத்தனை சிறிய துணுக்குக்கும் ஒரு பெயரும் கணக்கும் வைத்திருந்த நாம்தான், பிறமொழியிலிருந்து இரவல் வாங்கி, “பரவாயில்லை” என்ற சொல்லையும் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டோம். தையற்காரர் அரை அங்குலம் தவறவிட்டால் பரவாயில்லை. விருந்தாளி அரை மணி பிந்தி வந்தால் பரவாயில்லை. பால்காரர் ஓர் ஆழாக்குக் குறைத்து ஊற்றினாலும், இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் பரவாயில்லை. இந்தச் சொல் இல்லாவிட்டால் குடும்பம் நடக்காது, தெரு நடக்காது, தேசமும் நடக்காது என்று கூடச் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சொல்லை எங்கே நிறுத்துவது? சின்னப் பிழையைப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மையா, அசட்டையா? எது வரையில் பெருந்தன்மை, எங்கிருந்து அசட்டை? நீதி நூல்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய கேள்வி போலத் தோன்றுகிறது. எனக்கோ இதற்குத் தெளிவான விடை கிடைத்தது கணக்குப் போடும் ஒரு யந்திரத்தின் முன்னால்.

விருதுநகரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் போதித்து ஓய்வு பெற்றவர். மனிதர் ஓய்வு பெற்றாரே தவிர, போதனை ஓய்வு பெறவில்லை. மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து மாணவர்களாவது இருப்பார்கள். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது, சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படிக்க வரும் பெண் ஒருத்தி மடிக்கணினியும் கையுமாக வந்து சேர்ந்தாள். அவள் தாயும் தகப்பனாரும் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“சார், நான் ஒரு தப்பும் பண்ணலை. ஆனா விடை தப்பா வருது” என்றாள். குரலில் கோபம் பாதி, அழுகை பாதி.

“என்ன கேட்டே, என்ன சொல்லிச்சு?”

“சின்னக் கணக்கு சார். புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் கூட்டச் சொன்னேன். புள்ளி மூணுன்னு நிக்காம, அப்புறம் வரிசையாப் பூஜ்யம் போட்டு, பதினேழாவது இடத்திலே ஒரு நாலைக் கொண்டுவந்து வைக்குது. பெரிய சமன்பாட்டுலே போட்டா எல்லாமே தாறுமாறாப் போகுது. மெஷின் பொய் சொல்லுமா சார்?”

“பொய் சொல்லாதும்மா. அதுக்குப் பத்தில் ஒன்று தெரியாது. தெரியாதுன்னு சொல்லவும் தெரியாது. அவ்வளவுதான்.”

அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள் அல்லவா? ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம், அதாவது பதினாறில் ஒன்று. கணிப்பொறிக்குத் தெரிந்த பின்னமெல்லாம் இந்தக் குடும்பம் ஒன்றுதான். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு பத்தில் ஒன்றைக் கட்டிப் பாருங்கள். வீசம் ஒன்று, அரை வீசம் ஒன்று எடுத்துக்கொண்டால், 160இல் ஒரு பங்கு, அதாவது அரைக்காணி, குறைகிறது. அதை நிரப்ப இன்னும் சிறிய துண்டு, அதற்கும் சிறிய துண்டு என்று போனால் முடிவே கிடையாது. எங்கேயாவது ஓரிடத்தில் போதும் என்று வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் விழுந்த துணுக்குதான் அந்தப் பெண்ணைக் கலங்க அடித்த நாலு.

நம் பழைய கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. வீசத்தின் குடும்பம் ஒரு பக்கம் இருந்தால், மாவின் குடும்பம் மறு பக்கம் இருந்தது. மா என்பது இருபதில் ஒன்று. இருமா என்பது பத்தில் ஒன்று. இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் செய்துவைத்தது முந்திரி. 320இல் ஒன்று முந்திரி. இருபது முந்திரி ஒரு வீசம். பதினாறு முந்திரி ஒரு மா. இரண்டும் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். இம்மிக்கு வந்தாலோ இன்னும் விசேஷம். மூன்றில் ஒன்று சரியாக 3,58,400 இம்மி. ஏழில் ஒன்று சரியாக 1,53,600 இம்மி. வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

அந்தப் பெண் கையில் வைத்திருந்தது வெறும் கூட்டல் யந்திரம் அல்ல. சமன்பாடுகளை நாம் காகிதத்தில் எழுதுவது போலவே எழுத்தும் குறியுமாக வைத்துக்கொண்டு தீர்க்கும் இயற்கணித மென்பொருள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968இல் தொடங்கப்பட்ட மேக்சிமா என்னும் பெயருடைய ஒரு முயற்சியின் வழியில் வந்தது என்று சொன்னால் பெயர்க் குழப்பம் நேரும்; அந்த மூதாதையின் பெயர் மேக்ஸிமா அல்ல, மாக்சைமா. இன்று யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய வாரிசின் பெயர்தான் மேக்சிமா. அதனிடம் ‘பத்தில் ஒன்று’ என்று பின்னமாக எழுதிக் கொடுத்தால், பின்னமாகவே பத்திரமாக வைத்திருக்கும். ‘புள்ளி ஒன்று’ என்று தசமமாகக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த பாதிக் கணக்கில் போட்டு, ஏறக்குறையச் சரியான ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். இவ்வகை மென்பொருள்கள் பலவற்றில், நீண்ட சமன்பாட்டின் ஒரு மூலையில் ஒரே ஒரு தசமப் புள்ளி விழுந்தாலும் போதும், கணக்கு முழுவதும் ஏறக்குறையக் கணக்காக மாறிவிடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி மோர் போல.

மேக்சிமாவிடம் ஒரு நல்ல குணத்தையும் அன்று பார்த்தேன். சில சமயம் நாம் கொடுத்த தசமத்தை அது பின்னமாக மாற்றிக்கொள்ளும். மாற்றும்போது, ‘இதை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிடும். மனிதர்களில் எத்தனை பேருக்கு இந்த நாணயம் உண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு சிநேகிதர் வேறொரு வேடிக்கையைக் காட்டினார். வேடிக்கை என்று சொன்னாலும், பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று முதல் இருபது வரை உள்ள இருபது எண்களையும் விடையாகக் கொண்ட ஒரு சமன்பாட்டை அவர் அந்த யந்திரத்தில் எழுதினார். அதில் இரண்டாவது உறுப்பின் கெழு 210. ஒன்று முதல் இருபது வரை கூட்டினால் வருகிற தொகை. தீர்க்கச் சொன்னதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல் இருபது விடைகளும் வந்து நின்றன. “இப்போ பாருங்க” என்று சொல்லிவிட்டு, அந்த 210உடன் ஒரு துணுக்கைச் சேர்த்தார். எவ்வளவு துணுக்கு? 83,88,608இல் ஒரு பங்கு. இம்மியை எட்டாகக் கிள்ளினால் அதில் ஏறக்குறைய ஒரு கிள்ளு.

மறுபடியும் தீர்க்கச் சொன்னார். ஒன்று முதல் ஏழு வரை உள்ள பிள்ளைகள் ஏறக்குறைய அசையாமல் நின்றன. எட்டும் ஒன்பதும் சற்றே நகர்ந்தன. இருபது இருந்த இடத்தில் 20.85 என்று ஒன்று வந்து நின்றது. பத்து முதல் பத்தொன்பது வரை இருந்த பத்து விடைகளும் எண்கோட்டிலேயே இல்லை. ஐந்து இணைகளாகக் கைகோத்துக்கொண்டு, கணித ஆசிரியர்கள் கலப்பெண் என்று சொல்லும் வேறொரு பிரதேசத்துக்கே போய்விட்டன.

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜேம்ஸ் வில்கின்சன் கண்டு சொன்ன உதாரணம் இது. கணிப்பொறிகள் பிறந்த புதிதில் அவற்றுடன் பழகியவர் அவர். இந்தச் சமன்பாடு தந்த அதிர்ச்சியைப் பிற்காலத்திலும் மறக்காமல், 1984இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்குத் துரோகி என்ற பொருள்படும் பட்டமே சூட்டினார். இத்தனைக்கும் இங்கே யந்திரத்தின் குற்றம் ஒன்றும் இல்லை. மாற்றிய சமன்பாட்டுக்கு அது கொடுத்த விடை சரியான விடைதான். எத்தனை இலக்கம் கூட்டிப் போட்டாலும் அதுவேதான் வரும். எடைக்கல் தவறாக இருந்தால், தராசு எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன பயன்?

இங்கேதான் முதல் பாடம் இருக்கிறது. பிழை சின்னதா பெரிதா என்பதைப் பிழையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது விழுகிற இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விருதுநகர்க் கடைத்தெருவில் பருப்பு வாங்குகிறோம். நிறுத்த பிறகு அண்ணாச்சி ஒரு கை அள்ளிக் கொசுறாகப் போடுகிறார். எடை தப்பித்தான் போயிற்று. அதனால் யாருக்கு என்ன கேடு? அந்தப் பிழைக்குத் தயாளம் என்று பெயர். அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து வேரூன்ற வைத்த ஊர். அங்கே வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்கு மருந்து என்று பெயர். நோய் தீர்க்கும் பொருளுக்கும் அதே பெயர்தான். அந்த மருந்து கலக்கும் அறையில் ஒரு கைப்பிடி கூடினால் அதற்குத் தயாளம் என்று பெயரிட முடியுமா? ஒரு கைப்பிடி கூட வேண்டாம். மருந்தில் ஒரு மணல் துணுக்கு விழுந்து, சலிக்கும்போது உராய்ந்தால் போதும். அரிசியில் விழுந்தால் பல்லில் நெறிபடுகிற அதே மணல்தான். இங்கே அது ஓர் உயிரைக் கொண்டுபோகக்கூடும்.

ஆகவே ‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று ஒருவர் கேட்டால், ‘எந்தச் சமன்பாட்டில்’ என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது பாடம் இதைவிட முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல நம் நாட்டில் எல்லோரும் சேர்ந்து போட்ட ஒரு பெரிய கணக்கை நினைவூட்ட வேண்டும். 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய், நூறு நயா பைசா என்று வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று ஒரு மாற்று அட்டவணை வகுத்தார்கள். நாலணாவை ஒரே தடவையாக மாற்றினால் இருபத்தைந்து. ஓர் அணா ஓர் அணாவாக நாலு தடவை மாற்றினால் இருபத்து நாலு. ஒரே பணம்தான், மாற்றும் வழியைப் பொறுத்து ஒரு பைசா காற்றில் கரைந்துவிடுகிறது. கணிப்பொறிக் காரர்கள் இன்று புத்தகம் புத்தகமாக எழுதுகிற பிழையை அன்று வெற்றிலை பாக்குக் கடை வாசலிலேயே பார்க்க முடிந்தது. இடையில் வெட்டாதே, கடைசியில் ஒரே தடவை வெட்டு என்பதுதான் அதற்குப் பரிகாரம்.

அந்தக் கால் பைசா யார் பக்கம் போகிறது என்பதே கேள்வி. ஒரு நாள் கடைக்காரருக்கு, ஒரு நாள் வாங்குகிறவருக்கு என்று மாறி மாறிப் போனால், வருஷ முடிவில் ஏறக்குறையச் சரிக்குச் சரியாகிவிடும். மனிதர்களுடைய தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்கின்றன. கொடுக்கும்போது ஆறு, வாங்கும்போது ஏழு என்று ஒருவர் வைத்துக்கொண்டால்? ஒவ்வொரு தடவையும் கால் காசும் முக்கால் காசும்தான். அதைத் திருட்டு என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் திருட்டு அல்லாமல் அது வேறென்ன?

கானடாவில் வான்கூவர் பங்குச் சந்தையில் 1982 ஜனவரியில் ஒரு விலைக் குறியீட்டை ஆயிரம் என்று வைத்துத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பேரத்துக்குப் பிறகும் கணிப்பொறி அதைத் திருத்தும். திருத்தும்போது மூன்று தசம இடத்துக்கு மேல் உள்ளதை வெட்டி எறியும். கிட்டத்தில் உள்ள எண்ணுக்குச் சரிசெய்யாமல், எப்போதும் கீழ்ப் பக்கமாகவே வெட்டும். ஆயிரத்தில் ஒன்றிலும் சிறிய துணுக்கு, யார் கவனிப்பார்? 1983 நவம்பரில் குறியீடு 524 அளவுக்கு இறங்கிவிட்டது. சரியாகப் போட்டுப் பார்த்தபோது உண்மையான மதிப்பு 1098 என்று தெரிந்தது. சந்தை ஏறிக்கொண்டிருக்க, கணக்கு மட்டும் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கே போனது வெறும் எண். 1991 பிப்ரவரி 25ஆம் தேதி போனவை உயிர்கள். வளைகுடா யுத்தம். சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்னும் இடத்தில், வரும் ஏவுகணையை வழிமறிக்க அமெரிக்கப் படையினர் பேட்ரியட் என்ற யந்திரத்தை வைத்திருந்தார்கள். அதன் கடிகாரம் விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டு போகும். மறுபடியும் அதே பத்தில் ஒன்று! பாதிக் கணக்கில் அதை எழுதி, இடம் போதாமல் ஓரிடத்தில் வெட்டியிருந்தார்கள். ஒரு கோடியில் ஒரு பங்கு கூட இல்லாத பிழை. ஆனால் எப்போதும் ஒரே பக்கம். நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்காகத் திரண்டுவிட்டது. விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வரும் ஏவுகணை அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். யந்திரம் ஓர் இடத்தில் தேடிக்கொண்டிருக்க, ஏவுகணை வேறோர் இடத்தில் வந்தது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது.

இதைச் சிநேகிதர் சொல்லி முடித்தபோது, அந்தப் பெண் மெல்லிய குரலில், “எங்க ஊர்லேயும் அப்படித்தான் சார்” என்றாள். அதற்கு மேல் அவள் விவரிக்கவில்லை. விவரிக்க வேண்டியும் இருக்கவில்லை.

பட்டாசு ஆலைகளுக்கு விதிகள் இருக்கின்றன. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் என்று அவற்றுக்குப் பெயர். அறைக்கு இத்தனை பேர், ஒரு நேரத்தில் இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று எல்லாமே எண்கள். தீபாவளி நெருங்குகிறது. வடநாட்டிலிருந்து சரக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அறையில் இன்னும் ஓர் ஆள் உட்கார்ந்தால் என்ன? பரவாயில்லை. நாளைக்கு வேண்டிய மருந்தையும் இன்றைக்கே கொஞ்சம் கலந்து வைத்தால் என்ன? பரவாயில்லை. வெயிலில் காயும் சரக்கை உள்ளே எடுக்க இடமில்லை, மரத்தடியில் இருக்கட்டுமே. பரவாயில்லை. சொல்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர். கேட்கிறவர்களுக்கும் அன்றைய கூலி வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சலுகையும் இம்மிதான். ஆனால் இந்த இம்மிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். ஓர் ஆள் கூடுதலாக உட்காருவது உண்டு; விதி சொல்வதைவிட ஓர் ஆள் குறைவாக உட்காரட்டும் என்று அவசர காலத்தில் யாராவது சொன்னது உண்டா? ஒரு கிலோ கூடக் கலப்பது உண்டு. ஒரு கிலோ குறைத்துக் கலப்போம் என்றது உண்டா?

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிபட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. அதன் பிறகு பேசப்பட்டவை எவை? அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் சரக்கு. அப்படிப்பட்ட செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். ‘எதிர்பாராத விபத்து’ என்று தலைப்பில் போட்டிருக்கும். கணக்குத் தெரிந்தவன் அந்த ‘எதிர்பாராத’ என்ற சொல்லை ஒப்புக்கொள்ள மாட்டான். எப்போதும் ஒரே பக்கம் வெட்டிக்கொண்டு போனால் கடைசியில் என்ன வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். எந்த நாள் என்பது மட்டுமே தெரியாது.

‘அப்படியானால் எதையுமே வெட்டக் கூடாதா? இம்மி இம்மியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா?’ என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னங்களைப் பின்னங்களாகவே வைத்துக்கொண்டு போனால், நடுவழியில் ஒரு பின்னத்தை எழுதப் பல பக்கம் வேண்டியிருக்கும். யந்திரமே மூச்சுத் திணறி நின்றுவிடும். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்குப் பொதுவான சூத்திரமே கிடையாது என்று ஆபெல் என்ற நார்வேக்காரர் 1824இலேயே காட்டிவிட்டார். ஆகவே ஏறக்குறைய என்பது இல்லாமல் கணிதமும் இல்லை, வாழ்க்கையும் இல்லை.

ஏறக்குறையச் சொல்வதிலும் ஒரு சத்தியம் உண்டு என்பதற்கு நம் ராமானுஜனே சாட்சி. சென்னைத் துறைமுகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்து, 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போனவர். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு அவரும் ஹார்டியும் ஒரு சூத்திரம் கண்டு, 1918இல் வெளியிட்டார்கள். அது ஏறக்குறையச் சூத்திரம்தான். 200 என்ற எண்ணுக்கு மக்மேஹன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கைக்கணக்காகவே, ஒன்றும் விடாமல், விடை கண்டு வைத்திருந்தார்: 39,72,99,90,29,388. சூத்திரம் தந்த விடை அதற்கு மேல் ஆயிரத்தில் நான்கு பங்குதான் விலகியிருந்தது. இரண்டு வேறு வழிகளில் போட்டு, இரண்டும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. எவ்வளவு விலகும் என்று தெரிந்துகொண்டு சொல்லப்பட்ட ‘ஏறக்குறைய’ அது. பொய்க்கும் அதற்கும் வெகு தூரம்.

சிநேகிதர் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த வைத்திய முறையும் இதுதான். பின்னத்தைக் கூடிய வரையில் பின்னமாகவே வை. பதினாறு இலக்கத்தில் போட்டதை ஐம்பது இலக்கத்திலும் போட்டுப் பார். ஒத்துவருகிற இலக்கங்களை மட்டும் நம்பு. கொடுத்த எண்ணைச் சற்றே அசைத்துப் பார். விடை குதித்தோடினால், அந்தக் கணக்கிடம் ஜாக்கிரதையாக இரு. விடையைச் சமன்பாட்டில் திருப்பி வைத்துப் பார்; அது மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதே, வேறொரு வழியிலும் போட்டுப் பார். எதையாவது மாற்றினால், மாற்றினேன் என்று எழுதி வை.

மனச்சாட்சிக்கும் இதைவிட வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. பரவாயில்லை என்ற சொல்லை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இது பருப்புக் கடையா, மருந்து அறையா? சென்ற தடவையும் இதே பக்கம்தானே சாய்த்தேன்? சாய்த்ததைச் சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படி சொன்னேனா? நமக்குச் சௌகரியமான பக்கமே எப்போதும் சாய்கிற பெருந்தன்மை பெருந்தன்மை அல்ல. மற்றவருடைய உயிரில் வெட்டி எடுக்கிற இம்மியை மன்னிக்க நமக்கு உரிமையும் இல்லை.

சிவகாசியில் மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்கு முன்பே, குளிர்ந்த காலை நேரத்தில் நடக்கும். அந்த நேரத்தில் எங்கோ ஓர் அறையில் ஒருவர் தராசின் முன் நின்றுகொண்டிருப்பார். முள் சற்றே ஒரு பக்கம் தள்ளி நிற்கும். பார்ப்பவர் யாரும் இல்லை. தட்டிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டு, முள் நடுவே வந்து நிற்கும் வரையில் அவர் காத்திருப்பார். அந்தச் சிட்டிகையை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதப் போவதில்லை. சாயங்காலம் அந்த அறையிலிருந்து எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள்.